நாய்களுக்கு வரும் கணைய அழற்சி: குறியும் சிகிச்சையும்

உடலியல் சாஸ்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, கணையம் என்னும் உறுப்பைப் பற்றி மனிதகுலம் அறிந்திருக்கும் முக்கியமான உண்மைகளில் பல, நாய்களின் உடலிலிருந்தே கண்டெடுக்கப்பட்டவை என்பது எளிதில் விளங்கும். பிரெஞ்சு தேசத்து மேதை கிளோட் பெர்னார், நாயின் கணையக் குழாயில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தி அந்த உறுப்பு வீங்கிச் சிதைவதைக் கண்டு, 1856-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இருவரும் ஒரு நாயின் கணையத்தை முழுதும் அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நீரிழிவின் மூலஸ்தானம் எது என்ற நெடுநாளைய வினாவுக்கு அன்று விடை கிடைத்தது. 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலிலிருந்து செக்ரட்டின் என்ற சுரப்பைக் கண்டறிந்தனர். ஜீரண சுரப்பிகளைப் பற்றி நாய்களில் செய்த ஆராய்ச்சிக்காக ரஷ்யாவின் பாவ்லோவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றார். 1921-இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களின் கணையத்திலிருந்துதான்.

மனிதருக்கு இத்தனை உபகாரம் செய்த பிராணிக்கு அதே உறுப்பில் நோய் கண்டபோது, அதை இன்ன நோய் என்று நிச்சயித்துச் சொல்லத்தக்க நம்பகமான இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது என்பதும், அதுவரை எண்ணற்ற நாய்கள் ‘வயிற்றுக் கோளாறு’ என்ற பொதுப் பெயரின் கீழ் வைத்தியம் பெற்றும் பெறாமலும் மாண்டன என்பதும் வருந்தத்தக்க விஷயங்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆயினும் இந்நோயில் நாயின் உயிர், மருத்துவமனையின் கருவிகளைவிட, முதல் நாளிலேயே அதன் மாறுதலைக் கவனித்துவிடும் வீட்டாரின் கண்களையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கணையம் இரைப்பையை ஒட்டியும் முன்சிறுகுடலின் வளைவை ஒட்டியும் இரண்டு கிளைகளாக நீண்டு கிடக்கும் மெல்லிய, வெளிர் சிவப்பான சுரப்பி. இன்சுலினைச் சுரக்கும் திட்டுகள் அதில் சிறு பங்கே. ஏனைய பெரும்பகுதி முழுவதும் உணவைச் செரிக்கும் நொதிகளை ஆக்குவது. மாமிசத்தையே கரைக்கவல்ல இந்த நொதிகள் தம்மை ஆக்கிய சுரப்பியையே கரைத்துவிடாதிருப்பதற்கு இயற்கை பல காவல்களை அமைத்திருக்கிறது. டிரிப்சின் முதலிய புரத நொதிகள் செயலற்ற முன்வடிவங்களாகவே உருவாகி, குழாய் வழியே குடலை அடைந்து, அங்கே குடற்சுவரில் உள்ள மற்றொரு நொதியின் தீண்டலால்தான் விழிப்படைகின்றன. தவறி ஒரு துளி சுரப்பிக்குள்ளேயே விழித்துக்கொண்டாலும் அதை உடனே அடக்கிவிடும் தடைப்பொருளும் அங்கேயே உண்டு. ஏதோ ஒரு காரணத்தால் இந்தக் காவலை மீறும் அளவுக்கு டிரிப்சின் உள்ளேயே விழித்துக்கொள்ளுமானால், ஒரு கரண்டி உறைமோர் குடம் பாலையும் தயிராக்கிவிடுவது போல, விழித்த சிறிதளவு மற்றதையெல்லாம் விழிக்கச் செய்து, சுரப்பி தன்னைத் தானே செரித்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்கூற்று அறிஞர் 1896-இல் பிராக் நகரில் இருந்துகொண்டு சொன்ன இந்தத் தன்செரிமானக் கொள்கை, நுட்பங்களில் திருத்தம் பெற்றிருப்பினும், அடிப்படையில் இன்றும் நிலைத்திருக்கிறது. தீ சுரப்பியோடு நிற்பதுமில்லை. அழற்சியால் எழும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, நாளங்களைக் கசியச் செய்து, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இரத்தம் உறையும் ஒழுங்கையும் குலைக்கும்போதுதான் நாய் மரண வாயிலை அடைகிறது.

இந்நோய் ஏன் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலான நாய்களில் இதுதான் காரணம் என்று விரல் சுட்டிக் காட்ட முடிவதில்லை. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் நிலைமைகள் பல தெரிந்தவை. மினியேச்சர் ஷ்னாசர் என்ற குட்டையான தாடி நாய்களில் பல, பிறவியிலேயே இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தவை. அந்த மிகுதிக்கும் கணைய அழற்சிக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பானியல், கவலியர் ஸ்பானியல் முதலிய ஜாதிகளிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. நடுவயதைக் கடந்தவை, உடல் பருத்தவை, நீரிழிவோ தைராய்டு குறைவோ அட்ரினல் சுரப்பியின் மிகைச் செயலோ உடையவை ஆகியவற்றுக்கும் அபாயம் அதிகம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பொட்டாசியம் புரோமைடு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ் ஆகியவையும், அசாதயோபிரின் முதலிய மருந்துகளும் சில நாய்களில் இதற்குக் காரணமாகின்றன என்பதால், நாய் உண்டுவரும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் வீட்டார் கைக்கு எட்டிய காரணம் ஆகாரம். வழக்கமில்லாத உணவை உண்ட நாய்களும், குப்பைத் தொட்டியைக் கிளறித் தின்ற நாய்களும், மேஜையில் மிஞ்சியதைத் தின்று பழகிய நாய்களும் இந்நோய்க்கு அதிகமாக ஆளாகின்றன என்று உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டு வீடுகளில் இதன் பொருள் விளங்குவதற்கு நெடிய வியாக்கியானம் வேண்டியதில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்த பிரியாணியின் எலும்பும் கொழுப்பும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஒதுக்கிய ஆட்டுக் கொழுப்பு, கோழித் தோல், தீபாவளிப் பலகாரம் ஆகிய எல்லாம் அன்பின் பெயராலேயே நாயின் தட்டில் விழுகின்றன. பிரியாணியில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பது தனிக் கேடு. அன்பு குறைவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அன்பு வேறு வடிவம் பெற வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, நோயின் லட்சணங்களைக் காண்போம். இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் தாமதம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. இந்நோயால் இறந்த 70 நாய்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், உணவை வெறுத்தவை நூற்றுக்கு 91, வாந்தி எடுத்தவை 90. ஆனால் வயிற்று வலி பரிசோதனையில் புலப்பட்டவை 58 மட்டுமே. வயிற்றுப்போக்கு ஏற்பட்டவை 33. கணையத்தில் நெருப்புப் பற்றி உயிரையே இழந்த நாய்களில்கூட ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, தம் வலியை மருத்துவரின் கைக்குக் காட்டிக்கொள்ளவில்லை என்பதே இந்த எண்களின் உட்பொருள். அவற்றுக்கு வலி இல்லை என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. இதே நோயுற்ற மனிதர்கள் அதன் வேதனையை முதுகுவரை துளைத்துச் செல்லும் கொடிய வலி என்று வருணிக்கிறார்கள். நாய் அதை மௌனமாகத் தாங்கிக்கொள்கிறது.

ஆகையால் வலியின் குறிப்புகளைத் தேடித்தான் காண வேண்டும். நாய் முன்னங்கால்களையும் மார்பையும் தரையில் படிய நீட்டி, பின்புறத்தை மட்டும் உயர்த்தி நின்று, சோம்பல் முறிப்பதுபோல் தோன்றும் அந்த நிலையிலேயே நெடுநேரம் இருக்கும். சோம்பல் முறிக்கும் நாய் சில நொடிகளில் எழுந்து உடலை உதறிக்கொண்டு போய்விடும், நோயுற்ற நாயோ வயிற்றின் இறுக்கத்தைத் தளர்த்த வழி தேடி மீண்டும் மீண்டும் அப்படியே நிற்கும். சில நாய்கள் முதுகை வளைத்து நடக்கும். சில படுக்க முயன்று, முழுதும் படுக்க மாட்டாமல் எழுந்து, இடம் மாறி மாறி நிற்கும். சில குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வயிற்றை அழுத்திக் கிடக்கும். தூக்கப் போனால் உறுமாத நாய் உறுமும். விலா எலும்புக்குச் சற்றுப் பின்னால், வலப் பக்கத்தில் மெல்ல விரல் வைத்தால் வயிற்றுத் தசை பலகைபோல் விறைத்துக்கொள்ளும். இவற்றோடு, ஈறு ஈரமின்றிப் பிசுபிசுத்திருப்பது, பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியாமல் மெல்லப் படிவது ஆகியவை உடலில் நீர் வற்றியதற்கு அடையாளம். ஈறு வெளுத்தோ செங்கல் நிறமாகவோ மாறியிருந்தாலும், கண்வெள்ளை மஞ்சளித்தாலும், நாய் எழ மாட்டாமல் துவண்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். போகும்போது, எத்தனை முறை வாந்தி, என்ன நிறம், கடைசியாகத் தின்றது என்ன, சிறுநீர் எப்போது கழித்தது என்ற நான்கு விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், அது மருத்துவருக்குப் பேருதவி.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தை இங்கே கண்டிக்காமல் மேலே செல்ல முடியாது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கவும், நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் வல்லவை. கணையம் விட்டுவைத்த உயிரை மாத்திரை பறித்துவிடக் கூடும்.

வாந்தியும் சோர்வும் இந்நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. குட்டிகளில் பார்வோ, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், உண்ணிகளால் வரும் காய்ச்சல், சிறுநீரகச் செயலிழப்பு, அட்ரினல் சுரப்பிக் குறைவு, பந்தோ துணியோ மாங்கொட்டையோ குடலில் அடைத்துக்கொள்ளுதல் ஆகிய அனைத்தும் முதல் பார்வையில் இதே முகத்தோடு வருகின்றன. குடலடைப்புக்கு அறுவை வேண்டும், கணைய அழற்சிக்கோ பெரும்பாலும் அறுவை வேண்டாம். எனவே இரண்டையும் பிரித்தறிவது உயிர்நாடியான காரியம். எக்ஸ்ரே படம் கணையத்தைக் காட்டுவதைவிட, அடைப்பு இல்லை என்பதைக் காட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது.

இரத்தப் பரிசோதனைகளில், அமைலேஸ், லைப்பேஸ் என்ற இரு நொதிகளின் அளவைப் பார்ப்பது பழைய முறை. இரைப்பை, குடல் முதலிய பிற உறுப்புகளிலிருந்தும் இவை வருவதாலும், சிறுநீரகம் கெட்டாலே இவை உயர்ந்துவிடுவதாலும், இந்த அளவுகளை மட்டும் நம்பி முடிவு கூறுவது தகாது. கணையத்திலிருந்து மட்டுமே வரும் லைப்பேஸைத் தனியே பிரித்து அளக்கும் முறையை அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உருவாக்கிய பிறகே நிலைமை தெளிந்தது. அம்முறையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இயல்பு என்றும், 400-க்கு மேல் கணைய அழற்சிக்கு இசைவானது என்றும், இடைப்பட்டது ஐயத்துக்குரியது என்றும் கொள்வது வழக்கம். சில நிமிஷங்களில் மருத்துவரின் மேஜையிலேயே முடிவு தரும் சிறு பெட்டி வடிவிலும் இது கிடைக்கிறது. அந்தப் பெட்டி ‘இயல்பு’ என்று காட்டினால் கடுமையான கணைய அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. ‘மிகை’ என்று காட்டினால் அது மட்டுமே போதாது, ஏனெனில் குடலடைப்பு முதலிய பிற நோய்களிலும் கணையம் சற்றுச் சினந்து இந்த எண்ணை உயர்த்துவது உண்டு. ஸ்கேன் படத்தில் கணையம் கருமையாகத் தடித்தும், சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாக ஒளிர்ந்தும் தெரிந்தால் சந்தேகம் பெரிதும் நீங்கும். ஆனால் மேலே கூறிய 70 நாய்களில், ஸ்கேன் எடுக்கப்பட்டவற்றுள் அது காட்டிக்கொடுத்தது நூற்றுக்கு 68 மட்டுமே. எந்த ஒரு பரீட்சையும் தனித்து நின்று நியாயம் சொல்வதில்லை. குறி, இரத்தம், படம் என்ற மூன்றையும் சேர்த்து எடைபோடும் மருத்துவரின் விவேகமே இங்கு முடிவான பிரமாணம்.

சிகிச்சைக்கு வருவோம். நோயை வேரோடு அறுக்கும் மந்திர மருந்து எதுவும் இல்லாத நிலையில், உடலைத் தாங்கிப் பிடித்து, சுரப்பி தானே ஆறும்வரை உயிரைக் காப்பதே சிகிச்சையின் சாரம். அதில் முதலிடம் நரம்பு வழியே ஏற்றும் திரவத்துக்கு. வீட்டார் ‘டிரிப்ஸ்’ என்று சொல்லும் ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புத் திரவம், வற்றிய நீரை ஈடு செய்வதோடு, கணையத்தின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஓடச் செய்து மேலும் திசு அழியாமல் தடுக்கிறது. ஒரு பாட்டில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துச் செல்வது கடுமையான நோய்க்குப் போதாது. நாடித் துடிப்பு, சிறுநீர் அளவு, பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து, சில நாட்கள் மருத்துவமனையில் வைத்தே ஏற்ற வேண்டியிருக்கும். வாந்தியை அடக்க மாரோபிடன்ட், ஆண்டான்செட்ரான் முதலியவை நல்ல பலன் தருகின்றன. வலிக்கு அபின் இனத்து மருந்துகளான புப்ரெனார்ஃபின், மெத்தடோன், ஃபென்டனில் முதலியவை உரியவை. நாய் வலியைக் காட்டவில்லை என்று வலி மருந்தைத் தள்ளிப்போடுவதை நான் ஒப்ப மாட்டேன். இந்நோயில் வலி உண்டு என்று எடுத்துக்கொண்டே மருந்து கொடுப்பதுதான் இன்று நிபுணர்கள் வற்புறுத்தும் நெறி. கிருமி எதிர்ப்பு மருந்துகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை போதும்: நாய்களின் கணைய அழற்சியில் கிருமித்தொற்று அரிது, தொற்றுக்குச் சான்று இல்லாதபோது அவற்றை வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை.

ஆகாரத்தைப் பற்றிய கொள்கையோ ஒரு தலைமுறைக்குள் முற்றிலும் தலைகீழாக மாறிவிட்டது. கணையத்துக்கு ஓய்வு வேண்டும், உணவைக் கண்டால் அது நொதியைச் சுரக்கும், ஆகவே மூன்று நாள் நான்கு நாள் வாய்வழி ஒன்றும் கொடாமல் பட்டினி போட வேண்டும் என்பது நெடுங்காலம் பாடநூல்களின் விதியாக இருந்தது. கேட்பதற்குத் தர்க்கம் பொருந்தியதாகத் தோன்றும் இந்த விதி, அனுபவத்தில் நிற்கவில்லை. அழற்சியுற்ற கணையம் ஏற்கெனவே சுரப்பைப் பெரிதும் குறைத்துக்கொண்டிருக்கிறது. குடலின் உட்சுவரோ, தன் வழியே செல்லும் உணவிலிருந்தே போஷணை பெறுவது. அதைப் பட்டினி போட்டால் அதன் விரல் போன்ற நுண்நீட்சிகள் சுருங்கி, குடலில் அடங்கிக் கிடந்த கிருமிகள் சுவரைக் கடந்து இரத்தத்தில் புக வழி திறக்கிறது. 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், கடும் நோயுற்ற 10 நாய்களில் ஒரு பாதிக்குக் கழுத்து வழியே உணவுக் குழாயில் பொருத்திய சிறு குழாய் மூலம் தொடக்கத்திலேயே உணவும், மறு பாதிக்கு நரம்பு வழிப் போஷணையும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு பெற்றவை உண்டபின் வலியால் துடிக்கவில்லை. வாந்தியும் மற்றவற்றைவிட அவற்றுக்குக் குறைவாகவே இருந்தது. பத்து நாய்களைக் கொண்டு பெரிய முடிவுகள் கட்டிவிட முடியாதுதான். ஆனால் மனித மருத்துவம் கண்ட முடிவும் இதுவேயாதலால், வாந்தி அடங்கியதும், முடிந்தால் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், சிறிது சிறிதாக உணவு தொடங்குவதே இப்போது ஏற்கப்பட்ட முறை. பட்டினியால் மெலிந்து போன நாய்களை நினைக்கும்போது, இந்த மாற்றம் இன்னும் முன்னதாக வந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எழுகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. பத்து கிலோ எடையுள்ள நாய் ஓய்வாகக் கிடக்கும்போது அதற்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 400 கலோரி. முதல் நாள் அதில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தொடங்கி, மூன்று நான்கு நாட்களில் முழு அளவை எட்டலாம். கொழுப்பு ஆயிரம் கலோரிக்கு 20 கிராம் அளவில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இந்த நாய்க்கு நாள் முழுவதற்கும் எட்டு கிராம் கொழுப்பே அனுமதி. ஒரு தேக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. ‘ஒரு சொட்டு நெய் விட்டால்தான் சோறு இறங்கும்’ என்று பரிவோடு விடும் அந்தக் கரண்டி, நாளின் பங்கில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பும் எண்ணெயும் இன்றி வேகவைத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, ஒரு நாள் உணவை நான்கு ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது நம் அடுக்களையில் எளிதில் ஆகக்கூடியது. சில நாட்களுக்கு இது போதும். மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் பிற தாதுக்களும் குறைந்துபோகுமாதலால், நீண்ட காலத்துக்கு மருத்துவர் வகுத்த கொழுப்புக் குறைந்த உணவுக்கு மாற வேண்டும்.

மருந்து விஷயத்தில் புதிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளணுக்கள் நாளச் சுவரில் ஒட்டி அழற்சியிடத்தில் புகுவதைத் தடுக்கும் ஃபுசாப்லாடிப் என்ற ஊசி மருந்து, முதலில் ஜப்பானிலும், பின்னர் 2022-இல் அமெரிக்காவில் நிபந்தனையோடும், நாய்களின் திடீர்க் கணைய அழற்சிக்கென்றே அனுமதி பெற்றது. நாளுக்கு ஒரு ஊசியாக மூன்று நாள் கொடுப்பது. நோயின் பொறிமுறையிலேயே கை வைக்கும் முயற்சி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும் திரவம், வலி நீக்கம், உணவு என்ற மூன்றின் இடத்தை அது பிடித்துவிடவில்லை. நல்ல சிகிச்சை கிடைத்தும், கடும் நோயில் இறப்பு நூற்றுக்கு 27 முதல் 58 வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இலேசான நோயோ சில நாட்களில் தெளிந்துவிடுவது.

தெளிந்த பின்னும் சில நாய்களில் அழற்சி அணைந்தும் அணையாமலும் ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இங்கிலாந்தில் இறந்த நாய்களைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பார்க்கத்தக்க நிலையில் இருந்த கணையங்களில் நூற்றுக்கு 34-இல் இந்த நாட்பட்ட அழற்சியின் தழும்புகள் இருந்தன. மாதம் ஒருமுறை ஒரு நாள் சாப்பிடாமல் கிடப்பது, எப்போதோ ஒரு வாந்தி, காரணமில்லாத சிடுசிடுப்பு என்ற அளவில் அது மறைந்திருப்பதால், ‘இந்த நாயின் சுபாவமே அப்படி’ என்று வீட்டார் பழகிவிடுகிறார்கள். இத்தகைய நாய்க்குக் கொழுப்புக் குறைந்த பத்தியம் ஆயுள் முழுதும் வேண்டும். டிரைகிளிசரைடு மிகுந்ததா என்று பன்னிரண்டு மணி நேரம் பட்டினியிருந்தபின் எடுத்த இரத்தத்தில் பார்த்து, மிகுந்திருந்தால் அதற்கெனத் தனிச் சிகிச்சை வேண்டும். பருத்த உடலை மெல்ல மெல்ல இளைக்கச் செய்ய வேண்டும்.

தழும்பு சுரப்பியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டால் இரண்டு விளைவுகள் வரலாம். இன்சுலின் திட்டுகள் அழிந்தால் நீரிழிவு. அப்போது நாய் மிகுதியாகத் தண்ணீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். நொதிப் பகுதி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தால் செரிமானமே நின்று, நாய் ஓயாமல் தின்றும் இளைத்துக்கொண்டே போகும். மலம் வெளுத்து, குவியலாக, எண்ணெய்ப் பசையோடு நாறும். முன்னதற்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி. பின்னதற்கு ஒவ்வொரு வேளை உணவிலும் கணைய நொதித் தூளைக் கலந்து, உடலில் பன்னிரண்டாம் பி வைட்டமின் குறைந்திருந்தால் அதையும் ஊசியாகக் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் குறித்துவரும் எடைக் கணக்கைக் கொண்டே தூளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். இந்த ஒழுங்கில் எலும்பும் தோலுமாக வந்த நாய்கள் பல, தம் பழைய எடைக்குத் திரும்புகின்றன.